கண்முன் மிதக்கும் புள்ளிகள்

மேகமில்லாத ஒரு நாளில் நீல வானத்தைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். வகுப்பறையின் வெள்ளைச் சுவரையோ கணினியின் வெண்திரையையோ பார்த்தாலும் போதும். சாம்பல் நிறத்தில் ஒரு சிறு புள்ளி, மெல்லிய நூல், சிலந்தி வலையின் ஓர் இழை போன்ற ஏதேனும் தெரிகிறதா? அதை நேராகப் பார்க்க முயன்றால் நழுவி ஓடும். கண்ணை மேலே திருப்பினால் அதுவும் மேலே போகும். கண்ணை அசைக்காமல் நிறுத்தினால் மெல்ல மிதந்து கீழே இறங்கும். மூக்குக் கண்ணாடியை எத்தனை முறை துடைத்தாலும் அது மறைவதில்லை.

இவற்றைக் ‘கண் மிதவைகள்’ என்பர். மருத்துவர்கள் இவற்றுக்கு இட்ட பழைய லத்தீன் பெயருக்குப் ‘பறக்கும் ஈக்கள்’ என்று பொருள். தமிழிலும் ‘கண்ணில் பூச்சி பறக்கிறது’ என்கிறோம். ஆனால், நாம் அதைப் பெரும்பாலும் பசியாலோ களைப்பாலோ வரும் கிறுகிறுப்பைக் குறிக்கவே பயன்படுத்துகிறோம். அது வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான், வீட்டில் பெரியவர் ஒருவர் ‘பூச்சி பறக்கிறது’ என்றதும் ‘முதலில் சாப்பிடுங்கள்’ என்று பதில் சொல்லிவிடுகிறோம்.

நமது கண் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டை. அதன் முன்பகுதியில் விழிவில்லை இருக்கிறது. பின்சுவரில் விழித்திரை ஒட்டியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடத்தைத் தெளிவான கூழ் ஒன்று நிரப்பியுள்ளது. கண்ணின் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கு இந்தக் கூழ்தான். ஆயினும், அதன் மொத்த அளவு சுமார் 4 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாது. அதில் 98 விழுக்காடு அல்லது அதற்கும் மேல் தண்ணீர். எஞ்சியிருப்பவற்றுள் முக்கியமானவை கொலாஜன் என்னும் நுண்ணிய புரத இழைகளும் ஹையலூரோனிக் அமிலமும் ஆகும்.

விருந்துகளில் பரிமாறப்படும் அகர் அகரைச் சில நாள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். அது மெல்லச் சுருங்கி, தட்டில் நீர் தேங்கி நிற்கும். வயது ஏற ஏறக் கண்ணின் கூழிலும் இதைப் போன்ற மாற்றம் நிகழ்கிறது. கூழ் நீர்த்துப்போகிறது. சீராகப் பரவியிருந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு திரள்களாகின்றன. ஒளி கண்ணுக்குள் நுழையும்போது அத்திரள்களின் நிழல் விழித்திரையில் விழுகிறது. நாம் காண்பது அந்த நிழலையே. வெளிச்சத்தில் கண்மணி சுருங்கிவிடுவதால் நிழல் மேலும் தெளிவாக விழும். பட்டப்பகலில் வானத்தைப் பார்க்கும்போது மிதவைகள் நன்றாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

நீல வானத்தைப் பார்க்கும்போது சிலருக்குப் பளிச்சென்ற சின்னஞ்சிறு புள்ளிகள் விறுவிறுவென்று ஓடுவதுபோலவும் தோன்றும். அவை மிதவைகள் அல்ல. விழித்திரையின் நுண்குழாய்களில் செல்லும் வெள்ளை அணுக்கள். நம் இரத்த ஓட்டத்தை நாமே காண்கிறோம் என்பது வியப்பாக இல்லையா?

நெடுநாளாக இருந்துவரும் ஓரிரு மிதவைகளால் பெரும்பாலும் தீங்கில்லை. நாளடைவில் மூளை அவற்றைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். சொட்டு மருந்தும் சத்து மாத்திரையும் கண் பயிற்சியும் அவற்றைக் கரைப்பதில்லை. தேன், விளக்கெண்ணெய் போன்றவற்றைக் கண்ணில் விடுவது நோய்த்தொற்றுக்கே வழிவகுக்கும்.

அப்படியானால் எப்போது அஞ்ச வேண்டும்? பெரும்பாலும் 50 வயதுக்குப் பிறகு, சுருங்கிய கூழ் விழித்திரையிலிருந்து பிரிந்து வருகிறது. பலருக்கு இது சிக்கலின்றி நடந்துவிடும். சிலருக்குக் கூழ் ஓரிடத்தில் இறுக ஒட்டிக்கொண்டு விழித்திரையை இழுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. அதை எது தூண்டினாலும் மூளை அதை ஒளி என்றே புரிந்துகொள்ளும். ஆகவே, இழுக்கப்படும்போது வலிக்குப் பதிலாகப் பார்வையின் ஓரத்தில் மின்னல் வெட்டுவதுபோல் தோன்றும். இருட்டில் இது இன்னும் நன்றாகத் தெரியும். இழுப்பு மிகுந்தால் விழித்திரை கிழியும். கிழிசலின் வழியே நீர் கசிந்து பின்னால் புகுந்தால், ஈரச் சுவரிலிருந்து ஒட்டுத்தாள் உரிவதுபோல் விழித்திரை உரிந்துவிடும். உரிந்த பகுதிக்கு வேண்டிய ஊட்டம் கிடைக்காது. பார்வையின் ஒரு பக்கத்திலிருந்து கறுப்புத் திரை இழுக்கப்படுவதைப்போல் இருள் பரவும். விழித்திரையின் நடுப்பகுதி உரிவதற்குள் சிகிச்சை கிடைத்தால் நல்ல பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். நடுப்பகுதியும் உரிந்துவிட்டால் பழைய கூர்மை முழுமையாகத் திரும்புவது கடினம். எனவே, இதில் மணிக்கணக்கும் நாள்கணக்கும் முக்கியம்.

இது முதியவர்களுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. கிட்டப்பார்வை மிக அதிகமாகக் காணப்படும் நாடுகளுள் சிங்கப்பூரும் ஒன்று. கிட்டப்பார்வை உள்ளவரின் கண் உருண்டை வழக்கத்தைவிட நீண்டிருக்கும். ஊதப்பட்ட பலூனின் தோல் மெலிவதுபோல் விழித்திரையும் இழுபட்டு மெலிந்திருக்கும். நம்மவர் ‘600 டிகிரி’ என்று சொல்லும் அளவுக்கும் அதற்கு மேலும் பார்வைக் குறை உள்ளவர்களுக்கு, இளவயதிலேயே விழித்திரை கிழியும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். லேசர் சிகிச்சை செய்துகொண்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டவர்களும் இதற்கு விலக்கல்லர். அச்சிகிச்சை கண்ணின் முன்பகுதியைத்தான் திருத்துகிறது; நீண்ட கண் நீண்டபடியேதான் இருக்கிறது. இதைப் பலரும் அறிவதில்லை. பூப்பந்து கண்ணில் பட்டவர்கள், கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், குடும்பத்தில் எவருக்கேனும் விழித்திரை உரிந்த வரலாறு உள்ளவர்கள் ஆகியோரும் விழிப்பாக இருக்க வேண்டும். நீரிழிவு நோயாளிகளுக்கு விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கசிந்து, கூழுக்குள் இரத்தம் கலப்பதாலும் திடீரென்று கரும்புள்ளிகள் தோன்றலாம்.

பின்வரும் உரையாடலைப் படியுங்கள். இது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது.

“பாட்டி, எந்தக் கண்ணுல தெரியுது?”

“இடது கண்ணுலதான். நேத்து ராத்திரியிலிருந்து கொசுக்கூட்டம் மாதிரி இருக்கு. வலியெல்லாம் இல்லைப்பா. தூங்கி எழுந்தா சரியாயிடும்.”

“ஓரத்துல மின்னல் மாதிரி ஏதாவது அடிக்குதா?”

“லைட்ட அணைச்சா அடிக்குது.”

வலி இல்லை என்பதால் பாட்டி காத்திருக்க நினைக்கிறார். பேரனோ சரியான கேள்விகளைக் கேட்டுவிட்டான். ஒரே கண்ணில், திடீரென்று, ஏராளமாக, மின்னலோடு என்ற விவரங்கள் சேர்ந்துவிட்டால் அன்றைக்கே கண்ணைப் பரிசோதித்தாக வேண்டும். இருள் திரை தெரிந்தாலோ பார்வை மங்கினாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாது. பலதுறை மருந்தகத்தில் அடுத்த வாரத்திற்கு முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பது இதற்குப் பொருந்தாது. கண் மருத்துவ வசதியுள்ள மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல வேண்டும். எந்தக் கண் என்று தெரியாவிட்டால், கண்களை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும். இரு கண்களிலும் வளைந்து நெளியும் ஒளிக்கோடுகள் தோன்றி, சுமார் அரை மணி நேரத்தில் மறைந்தால், அது ஒற்றைத் தலைவலியின் அறிகுறியாக இருக்கலாம். இருப்பினும், முதன்முறை அவ்வாறு நேர்ந்தால் அதையும் மருத்துவரிடம் கூறுவதே நல்லது.

ஒரு காலத்தில் விழித்திரை உரிந்தவர்களுக்கு ஏறத்தாழப் பார்வையிழப்பு உறுதியாக இருந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய ஜூல் கோனான் என்னும் கண் மருத்துவர், கிழிசலைக் கண்டறிந்து அதை அடைத்தால் விழித்திரை மீண்டும் ஒட்டிக்கொள்ளும் என்று நிறுவினார். அடுத்த பெரிய முன்னேற்றம் ஒரு விபத்தால் கிடைத்தது. 1945ஆம் ஆண்டு ஜூலை மாதம் நிகழ்ந்த சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்த மாணவர் ஒருவரின் விழித்திரை கருகியது. அந்தத் தழும்பைப் பரிசோதித்த ஜெர்மானிய மருத்துவர் கெர்ட் மேயர்-ஷ்விக்கராத், ஒளியைக் கொண்டே கிழிசலைச் சுற்றித் தழும்பு உண்டாக்கி அதை ஒட்டவைக்கலாமே என்று சிந்தித்தார். தொடக்கத்தில் மருத்துவமனைக் கூரையில் கருவி பொருத்திச் சூரிய ஒளியையே பயன்படுத்தினார். இன்று அந்த வேலையை லேசர் செய்கிறது. கிழிசல் மட்டும் இருந்தால், பெரும்பாலும் சிகிச்சை முடிந்த அன்றே வீடு திரும்பலாம். விழித்திரை உரிந்துவிட்டால் அறுவை சிகிச்சை தேவைப்படும். சில வேளைகளில் விழித்திரையை அழுத்திப் பிடிப்பதற்காகக் கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றைச் செலுத்துவார்கள். அது கரையும்வரை விமானத்தில் பயணம் செய்யக்கூடாது. உயரே காற்றழுத்தம் குறையும்போது குமிழி விரிந்து கண்ணைச் சேதப்படுத்திவிடும்.

பரிசோதனையில் கிழிசல் எதுவும் இல்லை என்று தெரிந்தாலும், சில வாரங்கள் கழித்து மறுபடியும் வரச் சொல்வார்கள். கூழ் பிரியும் காலத்தில் புதிய கிழிசல் பின்னர் தோன்றக்கூடும். ஆகவே, அந்த இரண்டாவது வருகையைத் தவறவிடக்கூடாது. பரிசோதனைக்கு முன்பு கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை விடுவார்கள். அதன் பிறகு சில மணி நேரம் எழுத்துகள் மங்கலாகத் தெரியும், வெயில் கூசும், வாகனம் ஓட்ட இயலாது. அதனால் பாட்டியைத் தனியே அனுப்பாமல் நீங்களும் உடன் செல்லுங்கள். கறுப்புக் கண்ணாடி ஒன்றையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.