பகடையிலிருந்து உருண்டு வந்த சொற்கள்

தேர்வு எழுதப் போகும் நண்பனை ‘குட் லக்’ என்று வாழ்த்துகிறோம். ‘சான்ஸே இல்லை’ என்பதோ ஏறக்குறையத் தமிழாகவே ஆகிவிட்டது. லக், சான்ஸ், ஃபேட் எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் இவற்றின் பிறப்பிடங்களைப் பார்த்தால், உலகத்தைப் பற்றிய இருவேறு எண்ணங்கள் தெரியவரும்.

‘ஃபேட்’ என்பது விதி. ‘பேசு’ என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. ‘சொல்லப்பட்டது’ என்பதே அதன் நேர்ப்பொருள். தெய்வம் முன்பே சொல்லி முடித்துவிட்டது, இனி மாற்றமில்லை! (பேசத் தெரியாத குழந்தையைக் குறிக்கும் ‘இன்ஃபன்ட்’ என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான்.) நாம் தலையெழுத்து என்கிறோம், உரோமானியர் தலைச்சொல் என்றனர் போலும்.

‘சான்ஸ்’ அப்படியன்று. ‘விழு’ என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பகடை எப்படி விழுகிறதோ, அதுவே சான்ஸ். ‘ஆக்ஸிடென்ட்’ இதன் உடன்பிறப்பு. இன்று அபாயத்தைக் குறிக்கும் ‘ஹஸார்ட்’ என்ற சொல்லும், இடைக்கால ஐரோப்பாவில் ஒரு பகடையாட்டத்தின் பெயராக இருந்ததே.

சொல்லப்பட்டதைக் கணக்கிட முடியாது. விழுவதைக் கணக்கிடலாம் அல்லவா? 17ஆம் நூற்றாண்டில் கலீலியோ இதைச் செய்து காட்டினார். மூன்று பகடைகளை உருட்டினால் 9 வருவதற்கு 1‑2‑6, 1‑3‑5, 1‑4‑4, 2‑2‑5, 2‑3‑4, 3‑3‑3 என்று ஆறு சேர்க்கைகள். 10 வருவதற்கும் ஆறே சேர்க்கைகள். ஆயினும் 10தான் சற்று அதிகமாக விழுவதைச் சூதாடிகள் கண்டிருந்தனர். அதிர்ஷ்ட எண்ணோ? இல்லை. 1‑2‑6 என்பது பகடைகள் இடம் மாறி 6 விதமாக விழலாம். 1‑4‑4 என்பது 3 விதம். 3‑3‑3 என்பது ஒரே விதம். இப்படி எண்ணினால் மொத்தம் 216 விதங்களில் 9க்கு 25, 10க்கு 27. நீங்களும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். வேறுபாடு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இதைக் கண்ணால் கண்டுகொள்ள அந்தச் சூதாடிகள் எத்தனை ஆயிரம் முறை உருட்டினார்களோ!

1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் சூதாட்டக் கணக்கொன்றைப் பற்றிக் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். நிகழ்தகவு என்னும் கணிதப் பிரிவு அவற்றிலிருந்தே வளர்ந்தது.

‘ஹேப்பி’யின் கதை வேடிக்கையானது. பழைய நோர்ஸ் மொழியில் ‘ஹாப்’ என்றால் அதிர்ஷ்டம். ஆகவே ‘ஹேப்பி’ என்பவன் முதலில் மகிழ்ச்சியானவன் அல்லன், அதிர்ஷ்டசாலி! ‘ஹேப்பன்’, ‘பெர்ஹாப்ஸ்’ ஆகியவையும் அந்தக் குடும்பமே.

இன்னொரு சொல்லின் வேர் நமக்கு மிக அருகில் உள்ளது. இலங்கையின் பழம்பெயர்களுள் ஒன்று செரண்டிப். அந்நாட்டின் மூன்று இளவரசர்களைப் பற்றிய கதையொன்றைப் படித்த ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல், 1754இல் ‘செரண்டிப்பிட்டி’ என்ற சொல்லை உருவாக்கினார். தேடாத ஒன்றைத் தற்செயலாலும் கூரிய அறிவாலும் கண்டடைவது என்பது அதன் பொருள். 1928இல் ஃபிளெமிங்கின் தட்டில் விழுந்த பூஞ்சை தற்செயல். அதைச் சுற்றிப் பாக்டீரியாக்கள் அழிந்திருந்ததை அவர் கவனித்தது தற்செயல் அன்று.