வீதி விபத்தும் முதலுதவியும்

வீதியில் ஒருவர் அடிபட்டு வீழ்ந்தால், இரக்கமுடையோர் உடனே அவரை வாரியெடுத்து முச்சக்கர வண்டியில் ஏற்றிவிடுகின்றனர். முள்ளந்தண்டு முறிந்திருப்பின், அவ்விரக்கமே அவருடைய கால்களை ஆயுள் முழுதும் செயலிழக்கச் செய்யலாம். ஆதலின், தீப்பற்றல் போன்ற ஆபத்து இல்லாதவிடத்து அவரை அசைத்தலாகாது.

முதலில், வரும் வாகனங்களை நிறுத்தித் தம்மைக் காத்துக்கொள்க. 1990 என்னும் இலக்கத்திற்கு அறிவித்து இலவச அம்புலன்ஸ் வண்டியை அழைக்க. கையிற் பொலித்தீன் பையை அணிந்து, குருதி பெருகும் காயத்தைச் சுத்தமான துணியால் விடாது அழுத்துக. மற்றொருவர் தலையையும் கழுத்தையும் அசையாது தாங்குக. உணர்வின்றி மூச்சும் நின்றிருப்பின், மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துக. சத்திரசிகிச்சை வேண்டியிருக்கலாமாதலின் நீர் பருகக் கொடுத்தலாகாது.

நம் மாணவர் இவற்றை நூலிற் படிப்பதோடு நில்லாது, கையாற் பயிலுதல் வேண்டும்.