சிரித்தால் மடங்கும் கால்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் உள்ள கவலை வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

இரவு எட்டு மணி நேரம் தூங்கியும் மகன் வகுப்பில் தூங்கி விழுகிறான், 'தூங்குமூஞ்சி' என்று பெயரே வைத்துவிட்டார்கள் என்று வருந்தியிருந்தீர்கள். கூடவே, விழுந்து விழுந்து சிரிக்கும்போது அவனுக்கு முழங்கால் மடங்கிவிடுகிறது, நினைவு மட்டும் தப்புவதில்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி. என் கண் அந்த வரியில்தான் நின்றது.

அதற்குக் கேட்டப்ளெக்ஸி என்று பெயர். பகல் தூக்கத்தோடு அதுவும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நார்கோலெப்சி. 1880இல் பிரெஞ்சு மருத்துவர் ஜெலினோ வைத்த பெயர் இது. காரணம் பிடிபட நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் இருக்கிறது. அங்குள்ள பல்லாயிரம் நரம்பு செல்கள் மட்டும் ஒரெக்ஸின் என்ற பொருளைச் சுரக்கின்றன. விழிப்பைக் கலையாமல் பிடித்துவைப்பது அதுதான். 1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே அதைக் கண்டுபிடித்தன. ஸ்டான்ஃபோர்டில் இமானுவேல் மின்யோ என்பவர் டாபர்மேன் நாய்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிடித்த தீனியைக் கண்ட மகிழ்ச்சியிலேயே கால் துவண்டு சரியும் நாய்கள் அவை. ஒரெக்ஸினை ஏற்கும் புரதத்துக்கான மரபணு அவற்றில் பழுதாகியிருந்ததை 1999இல் அவர் குழு கண்டது. மறு ஆண்டு, இறந்துபோன நார்கோலெப்சி நோயாளிகளின் மூளையைப் பார்த்தால், அந்த செல்களே பெரும்பாலும் காணோம். உடலின் எதிர்ப்பு சக்தியே அவற்றை அழிக்கிறது என்பதுதான் இன்று வலுவான கருத்து.

சிரித்தால் ஏன் விழ வேண்டும்? கனவு காணும் நேரத்தில் மூளை நம் தசைகளைத் தளர்த்திவிடும். கனவில் ஓடுபவர் கட்டிலிலிருந்து எழுந்து ஓடாதிருக்க. ஒரெக்ஸின் இல்லாதவருக்கு அந்தத் தளர்ச்சி விழித்திருக்கும்போதே, மனம் பொங்கும் நேரத்தில் வந்துவிடுகிறது. இதில் சோம்பல் எங்கே இருக்கிறது? அவனை அடித்துத் திருத்த எதுவும் இல்லை.

கடிதத்தை வைத்து நோயை முடிவுசெய்ய முடியாது. நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சிரிப்பு விஷயத்தை முதலில் சொல்லுங்கள். இரவு முழுக்கத் தூக்கப் பரிசோதனை செய்து, மறுநாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை படுக்கவைத்து, எத்தனை நிமிடத்தில் தூங்குகிறான், கனவுத் தூக்கம் சீக்கிரமே வருகிறதா என்று பார்ப்பார்கள். அடியோடு குணமாக்கும் மருந்து இல்லை. கட்டுக்குள் வைக்கும் மருந்துகள் உண்டு. பகலில் குறித்த நேரத்துக் குட்டித் தூக்கமும் உதவும். வகுப்பாசிரியரிடமும் பேசுங்கள்.

அதுவரை பைக் சாவியை மட்டும் அவன் கையில் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்