அறிவியலும் கிராம சபையும்

மின்சாரம், சாலை, ஆழ்துளைக் கிணறு, புதுவகை விதை ஆகிய யாவும் அறிவியல் நமக்கு அளித்த கொடைகளாகும். இவற்றை ஆக்கும் முறையை அறிந்தவர் நிபுணர். ஆனால் இவை எங்கே, யாருக்காக, எந்த வரம்புக்குள் அமைய வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் யார்? அவற்றின் நன்மை தீமைகளை அனுபவிக்கப்போகும் மக்களும் அவர்தம் பிரதிநிதிகளுமே என்பது குடியாட்சியின் விடையாகும்.

மலைமக்களின் உரிமை

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலை 1976-ஆம் ஆண்டுவரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. இன்று அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரின் கையில் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் உள்ளது. அதன் 3(2)-ஆம் பிரிவு, காட்டு நிலத்தில் 13 வகைப் பொது வசதிகளை அமைக்க இடமளிக்கிறது. சாலை, மின்கம்பி, தொலைத்தொடர்புக் கம்பி, குடிநீர்க் குழாய், சிறு பாசனக் கால்வாய், பள்ளி, மருத்துவமனை ஆகியன அவற்றுட் சில. ஒவ்வொன்றுக்கும் நிலம் 1 ஹெக்டேருக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது. கிராம சபை பரிந்துரைத்தல் வேண்டும்.

இம்மூன்றாவது நிபந்தனையே உயிர்நாடி. தீர்மானம் இல்லையேல், நோயாளியைத் தோளிற் சுமந்து இறக்கும் சிற்றூருக்குச் சாலை வாராது. படித்துப் பாராமல் கையொப்பமிட்டாலோ, சாலை வேண்டாத வழியிற் சென்று, வேண்டிய மரங்கள் வீழ்ந்துவிடும்.

தீர்மானத்திற்கு முன் செய்யவேண்டியவை

1. திட்டத்தின் வரைபடத்தைச் சபையில் விரித்து, எளிய தமிழில் விளக்குமாறு பொறியாளரைக் கேட்க வேண்டும்.
2. உறுப்பினர் சிலர் நேரில் சென்று நிலத்தை அளந்து, மரங்களை எண்ணி வருதல் நலம்.
3. இச்சட்டத்தின் விதிப்படி சபையினரில் பாதிப்பேரேனும் கூட வேண்டும். வந்தோரில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டும்.
4. தீர்மானத்தை உரக்கப் படித்த பின்னரே கையொப்பம் பெற வேண்டும்.

விதைக்கும் இதுவே நெறி

மலைச்சாலைக்குப் பொருந்தும் நெறி கழனியில் இடும் விதைக்கும் பொருந்தும். காய்த்துளைப்பான் புழுவை எதிர்க்க, மண்ணிலுள்ள பாக்டீரியாவின் மரபணுவைப் புகுத்தி உருவாக்கிய பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் நிபுணர் குழு இசைவளித்தது. எனினும் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 7 நகரங்களில் உழவர், அறிவியலாளர், நுகர்வோர் ஆகியோரின் கருத்தைக் கேட்டார். மாநில அரசுகளின் எண்ணத்தையும் அறிந்தார். பின்னர் 2010 பிப்ரவரி 9 அன்று அதனை நிறுத்திவைத்தார். இறுதி முடிவு மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரால் எடுக்கப்பட்டது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

வாக்கின் எல்லை

ஆயினும் கையுயர்த்தி வாக்களிப்பதால் கிணற்று நீரிலுள்ள நஞ்சு நீங்கிவிடாது. நீர் நல்லதா, மண்ணில் எச்சத்து குறைவு என்பனவற்றை ஆய்வுக்கூடமே கூறவேண்டும். உண்மையை ஆய்வு சொல்லட்டும்; அதனை அறிந்தபின் செய்யத்தக்கதைச் சபை தீர்மானிக்கட்டும். ஆய்வைப் புறக்கணிக்கும் சபையும், சபையைப் புறக்கணிக்கும் நிபுணரும் ஊருக்கு ஒருங்கே கேடு செய்வர்.

தமிழகத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் கீழ்க்காணும் வினாக்களை ஆராய்க:

நம் ஊருக்கு வரவிருக்கும் திட்டம் யாது? அதனால் பயன் பெறுவோர் யார்? இழப்பு எவர்க்கு? அதனை நம்மிடம் விளக்கியவர் உண்டா?