போத்தல் சூப்பியை எப்போது மாற்றுவது?

சில மாதங்களுக்கு முன் ஓர் இளம் தாய் தன் பத்துக் கிழமைக் குழந்தையுடன் எம்மிடம் வந்திருந்தார். பால் குடிக்கும்போது குழந்தைக்குப் புரையேறுகிறது, இருமுகிறது, குடித்ததும் கக்குகிறது என்பது அவருடைய முறைப்பாடு. பால்மா ஒத்துக்கொள்ளவில்லை என எண்ணி இரண்டு தடவை மாவை மாற்றியும் பார்த்துவிட்டார். போத்தலை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தோம். பால் சொட்டாக விழவில்லை, நூல்போல ஓடியது. "பிள்ளை சப்பிக் களைக்குது எண்டு அம்மம்மா ஊசியைச் சுடவைச்சு ஓட்டையைப் பெரிசாக்கினவ, டொக்டர்" என்றார்.

அம்மம்மாவைக் குறை சொல்ல மாட்டோம். 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஒரு சூப்பி கிடைப்பதே பெரிய காரியம். இருந்ததை வைத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தோம். ஆனால் இங்கே பிரித்தானியாவில் மெதுவான, நடுத்தரமான, வேகமான ஓட்டமுள்ள சூப்பிகள் தனித்தனியாக விற்கப்படுகின்றன. ஊசிக்கு இங்கு வேலையில்லை. ஊசியால் குத்திய ஓட்டையின் அளவு எமது கட்டுப்பாட்டில் இராது. கிழிந்த துண்டு தொண்டைக்குள் போகவும் கூடும்.

பால் குடிக்கும் குழந்தை உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் ஒழுங்காகச் செய்யவேண்டும். பால் வேகமாக வந்தால் மூச்சுவிட நேரம் கிடைக்காது. மிக மெதுவாக வந்தால் வயிறு நிறையுமுன் களைத்து உறங்கிவிடும்.

ஓட்டம் போதாது என்பதற்கான அறிகுறிகள்:
1. வழக்கமாக 20 நிமிடமளவில் குடித்து முடித்த குழந்தை இப்போது 30, 40 நிமிடம் எடுக்கிறது.
2. சூப்பியைக் கடிக்கிறது, இழுக்கிறது, சிணுங்குகிறது.
3. சூப்பி உட்பக்கமாக ஒட்டிச் சுருங்குகிறது. (போத்தல் வளையத்தை மிக இறுக்கிப் பூட்டினாலும் இப்படி நடக்கும். முதலில் சற்றுத் தளர்த்திப் பாருங்கள்.)
4. பாதியில் உறங்கி, சிறிது நேரத்தில் மீண்டும் பசியோடு அழுகிறது.

ஓட்டம் அதிகம் என்பதற்கான அறிகுறிகள்:
1. வாயோரத்தால் பால் வழிகிறது.
2. மடமடவென்று சத்தத்துடன் விழுங்குகிறது, புரையேறுகிறது.
3. கண்களை அகல விரித்து, கைவிரல்களை விறைப்பாக விரிக்கிறது.
4. முகத்தைத் திருப்பி, சூப்பியைத் தள்ளுகிறது.

பெட்டியில் எழுதியிருக்கும் மாதக் கணக்கை வேதவாக்காக எடுக்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் 'மெதுவான' சூப்பி இன்னொன்றின் 'நடுத்தரத்தை' விட வேகமாக இருக்கலாம். மூன்று மாதமாகியும் குழந்தை முதற் சூப்பியில் அமைதியாகக் குடித்து, நிறையும் கூடினால் மாற்றவே தேவையில்லை. தாய்ப்பாலும் போத்தலும் சேர்த்துக் கொடுப்பவர்கள் மெதுவான சூப்பியிலேயே தொடர்வது நல்லது. இல்லாவிட்டால் குழந்தை சுலபமாக வரும் போத்தலை விரும்பித் தாய்ப்பாலை மறுக்கக்கூடும். மாதம் குறைந்து பிறந்த குழந்தைக்கு வைத்தியரையோ ஹெல்த் விசிட்டரையோ கேட்காமல் மாற்றவேண்டாம்.

மாற்றும்போது அடுத்த அளவுச் சூப்பி ஒன்றை மட்டும் வாங்கி, குழந்தை நன்கு விழித்திருக்கும் பகல் வேளையில் கொடுத்துப் பாருங்கள். குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, போத்தலைக் கிடையாக வைத்து, இடையிடையே ஓய்வு கொடுங்கள். புரையேறினால் பழைய அளவுக்கே திரும்புங்கள். இரண்டு கிழமை கழித்து மீண்டும் முயலலாம்.

வெடித்த, பிசுபிசுக்கும், மெலிந்துபோன சூப்பியை ஓட்டம் சரியாக இருந்தாலும் எறிந்துவிடுங்கள். பசி அடங்கட்டும் என்று போத்தலுக்குள் ரஸ்க், அரிசிமா போடுவதும் ஆபத்து. அது புரையேற வைக்கும், தேவைக்கு மேல் நிறையையும் கூட்டும்.

எல்லாவற்றுக்கும் சூப்பியே காரணமல்ல. பால் குடிக்கும்போது வியர்த்துக் கொட்டுதல், வேகமாக மூச்சு வாங்குதல், நிறை கூடாமை, ஈர நப்பி நாளொன்றுக்கு ஆறுக்குக் குறைதல் ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். இருதயக் கோளாறு இப்படித் தெரியவரும் சந்தர்ப்பங்களும் உண்டு. உதடு நீலமானால், மூச்சு நின்றால் உடனே 999.

அந்தத் தாய்க்கு நாம் மருந்து எதுவும் எழுதவில்லை. மெதுவான புதுச் சூப்பி ஒன்று வாங்கச் சொன்னோம். அடுத்த முறை அம்மம்மாவும் கூடவே வந்தார். பேரன் அவர் மடியிலிருந்து இருமாமல் குடித்துக்கொண்டிருந்தான். ஊரில் செய்ததை இங்கும் செய்ய நினைப்பது அன்பினால்தான். அந்த அன்போடு, குழந்தை குடிக்கும்போது அதன் முகத்தையும் கவனியுங்கள். சூப்பியை எப்போது மாற்றவேண்டும் என்பதைக் குழந்தையே காட்டித்தரும்.