தைராய்டு மாத்திரையும் ஜுரமும்

கழுத்தின் முன்புறத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால், பசி மிகுந்தும் உடல் இளைக்கும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். இதற்கு வைத்தியர்கள் பெரும்பாலும் முதலில் கொடுப்பது கார்பிமசோல் மாத்திரை. 12 முதல் 18 மாதங்கள் வரை உண்ண வேண்டியிருக்கும். நல்ல மருந்துதான். ஆயினும் மிகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் 3 மாதங்களுக்குள், அது இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களை அறவே குறைத்துவிடுகிறது. அப்பொழுது ஜுரமும் தொண்டைப் புண்ணும் காணும். இதைச் சளி ஜுரமென்று கருதிக் கஷாயம் குடித்துக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். உண்டுவரும் மாத்திரையின் பெயரையும் மறவாது கூறுக.

வெள்ளணுக்கள் சரியாக இருந்து, வேறு தொற்றும் காணப்படாவிடில், ஒவ்வாமையாலேயே ஜுரம் எழுந்திருக்கலாம். மருந்தை நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் அது பெரும்பாலும் தணியும்.

வெள்ளணுக்கள் குறைந்தவர்கள் அவ்வின மாத்திரைகளை மறுபடி தொடலாகாது. அவர்களுக்குக் கதிரியக்க அயோடின், அறுவை சிகிச்சை என இரு வழிகள் உள்ளன. முன்னதைக் கருவுற்ற மாதரும் பாலூட்டும் தாய்மாரும் கொள்ளலாகாது. சிகிச்சைக்குப் பின் சுரப்பி ஓய்ந்துபோனால், நாள்தோறும் தைராக்சின் மாத்திரை ஆயுள் முழுதும் தேவைப்படும். இதைக் கேட்டுப் பலர் அஞ்சுகின்றனர். சுரப்பி தந்துவந்த சத்தையே அம்மாத்திரை ஈடுசெய்கிறது, அவ்வளவே.