முட்டைக் கணக்குக்கு எந்தக் கம்பைலர்?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாமக்கல் பண்ணை ஒன்றுக்கு முட்டைக் கணக்கு நிரலை சி++ மொழியில் எழுதப் போவதாகவும், இலவசக் கம்பைலர்களில் எதை எடுப்பது என்றும் கேட்டிருக்கிறாய். நிரல் யாருடைய கணினியில் ஓடப்போகிறது என்பதை வைத்தே இதை முடிவு செய்ய வேண்டும்.

முதலில் டர்போ சி++ பழக்கத்தை விட்டுவிடு. அது டாஸ் காலத்துக் கருவி. 1998-இல் சி++ மொழிக்குத் தரநிலை வருவதற்கு முன்பே வந்தது. அதில் ‘இன்ட்’ வெறும் 16 பிட். 32,767-க்கு மேல் தாங்காது. ஒரு நாள் முட்டை 40,000 என்று அதில் பதிந்தால் -25,536 என்று காட்டும். அட்டைக்கு 30 என்று வகுத்தால் அந்தக் கணக்கும் பாழ். இன்றைய கம்பைலர்களில் ‘இன்ட்’ 32 பிட். 214 கோடி வரை தாங்கும்.

இனி மூன்றைப் பார்ப்போம். மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி 2014-இல் வந்தது. மாணவர்களுக்கு இலவசம், பெரிய நிறுவனங்களுக்கு அப்படியில்லை. நிரலை வரிவரியாக நிறுத்திப் பிழை தேட அருமையான கருவி. ஆனால் வட்டில் பல ஜிபி இடம் கேட்கும்.

மிங்டபிள்யூ-டபிள்யூ64 என்பது நிரலாளர் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்ட ஜிசிசி கம்பைலரை விண்டோஸுக்குக் கொண்டுவந்த கட்டற்ற தொகுப்பு. அளவில் சிறியது. லினக்ஸில் உட்கார்ந்தே விண்டோஸ் நிரலை உருவாக்கவும் இது உதவும்.

மூன்றாவது கம்பைலரான கிளாங் பிழைச் செய்திகளைத் தெளிவாகச் சொல்லும். ஆனால் விண்டோஸில் அது பெரும்பாலும் மேலே சொன்ன இரண்டில் ஒன்றின் லைப்ரரிகளை நம்பியே வேலை செய்யும்.

ஒன்றை மறவாதே: மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் உருவான சி++ லைப்ரரியை மிங்டபிள்யூ நிரலோடு இணைக்க முடியாது. பெயர்களைக் குறிக்கும் முறையே இரண்டிலும் வேறு. ஒரு நிரலுக்கு ஒரே கம்பைலர் என்று வைத்துக்கொள்.

உன் கணினியில் ஓடும் நிரல், பண்ணைக் கணினியில் ‘டிஎல்எல் காணவில்லை’ என்று நின்றுபோகலாம். கம்பைலரோடு வந்த லைப்ரரி அங்கே இருக்காது. மிங்டபிள்யூவில் இணைக்கும்போது ‘ஸ்டாட்டிக்’ தேர்வைக் கொடுத்தால் அந்த லைப்ரரி நிரலுக்குள்ளேயே சேர்ந்துவிடும். ஒரே கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோனால் போதும்.

ஆகவே உன் வேலைக்கு மிங்டபிள்யூ-டபிள்யூ64 போதும். பிறகு விஷுவல் ஸ்டுடியோவையும் பழகு; வேலைக்குப் போகும் இடத்தில் கைகொடுக்கும். எதில் உருவாக்கினாலும், பண்ணைக் கணினியிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்படைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் மாமா,
சேலம்